பெயர் எழுதிய நாற்காலிகள்

மாநகராட்சியில் சாக்கடை அள்ளும் பெர்சியாள், ஆறு நாளும் ஜெபவீடு இருந்த சந்தின் கசடைத்தான் அள்ளினாள். ஏழாம் நாள் காலை, அங்கே போகும் வழியை அடைத்து யாரோ ஒரு வண்டிக் கசடைக் கொட்டியிருந்தார்கள். நீலம் போட்டு வெளுத்த வெள்ளைச் சேலையில், பெர்சியாளையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் அதன்முன் வந்து நின்றார்கள். ஜெபவீட்டுக்குள் வைத்தால் சந்துக்காரர்கள் உடைத்துவிடுகிறார்கள் என்று, ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை வீட்டிலிருந்து தலையில் சுமந்து வருவது அவர்கள் வழக்கம். ஒவ்வொன்றின் முதுகிலும் உடையவள் பெயர் சிவப்பு பெயின்டில் இருந்தது.

ஜெபவீட்டை ஒட்டிய வீட்டுத் தனபாக்கியம் வாசலில் நின்று சிரித்தாள். "இன்னா அல்லேலூயா, பாத்துனுகீற? அள்ளு! தெனமும் அள்றவதானே?" அந்தச் சந்தில் பன்னிரண்டு பேருக்கும் அல்லேலூயா என்ற அந்த ஒன்றுதான் பெயர்.

பெர்சியாள் மண்வெட்டியைத் தேடவில்லை. தலையிலிருந்த நாற்காலியை இறக்கிக் கசடில் அழுத்தி நட்டாள். அடுத்தவள் அதன்மேல் ஏறி நின்று தன்னுடையதை அப்பால் நட்டாள். இப்படியே கடந்து, சேலையில் ஒரு பொட்டுச் சேறு படாமல் பன்னிரண்டு பேரும் ஜெபவீட்டின் வெறுந்தரையில் போய் உட்கார்ந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது.

தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. குடத்தோடு ஓடிவந்த தனபாக்கியம் கசடின் முன் தயங்கினாள். அவள் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகவும் வேறு வழி இல்லை. நாற்காலியில் ஒரு காலை வைத்தாள், ஆடியது.

பெர்சியாள் பாட்டை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"முதுகப் புட்சிக்கினு போக்கா, வுயுந்துடாத," என்றாள். "ஒவ்வொண்ணுலயும் பேரு எய்திக்கீது. படிச்சிக்கினே போ."