டிக்கிக்குள் ஒரு ஸ்டெப்னி

டாக்ஸியின் டிக்கியில் மூன்று வருடமாகப் படுத்திருந்த ஸ்டெப்னி டயருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் கீழே ஓடும் டயர்களைத் திட்டும்.

"புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கவும் உங்க நாலு பேரைத்தான் கூப்பிட்டாங்க. என்ன பிரயோஜனம்? ஒரு ஆணிக்கே உட்கார்ந்துடறீங்க! என்னை இறக்கிப் பார்க்கட்டும், கன்னியாகுமரி வரைக்கும் நிக்காம ஓடுவேன்."

டிரைவர் மாசிலாமணி தினமும் காலையில் அந்த நாலு டயரையும் காலால் எத்திப் பார்ப்பார். டிக்கியைத் திறந்தால் பெட்டியை வைத்து மூடிவிடுவார்.

"இன்னிக்கும் என்னைத் தொடலை பாரு" என்று ஸ்டெப்னி உறுமும்.

ஒரு நாள், ரயிலுக்குப் போகும் சவாரி. பாதி வழியில் முன்பக்க இடது டயரில் ஆணி ஏறியது. "தரித்திரம் பிடிச்ச டயர்!" என்று கத்திக்கொண்டே மாசிலாமணி அதைக் கழற்றி, ஸ்டெப்னியைத் தட்டிக்கூடப் பார்க்காமல் மாட்டினார்.

"வழி விடுங்கடா!" என்றது ஸ்டெப்னி.

ஜாக்கியை இறக்கினார். வண்டியும் கூடவே இறங்கியது. ஸ்டெப்னி தரையோடு சப்பையாகக் கிடந்தது. தன் காற்று எப்போது போனது என்று அதற்கே தெரியவில்லை.

பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடி ஓடினார்.

சாலையோரம் கிடந்த பஞ்சர் டயர் மெல்லக் கேட்டது: "உன்னை எந்த ஆணி குத்திச்சு, அண்ணே?"