உளுந்து டப்பாவில் ஒரு மாத்திரை அட்டை

நர்ஸ் மேசையில் கருத்தடை மாத்திரை அட்டையும் கருத்தடை ஊசி மருந்துக் குப்பியும் அருகருகே கிடந்தன. அட்டை, நர்ஸைப் பார்க்க வந்த வடிவு என்ற பெண்ணின் வீட்டு உளுந்து டப்பாவில் ஒளிந்திருந்துவிட்டு அவள் பையில் வந்தது.

“தினமும் படக்குன்னு சத்தம் போடுறே. உனக்கு முந்தி இருந்த உன் அக்கா அட்டை, வடிவோட மாமியார் கையில அகப்பட்டு அடுப்புல எரிஞ்சது மறந்துபோச்சா?” என்றது குப்பி. “நான் உள்ளே போனா மூணு மாசத்துக்கு மூச்சுகூட விடமாட்டேன்.”

அட்டைக்குச் சுருக்கென்றது. “பிள்ளை வேணும்னா என்னை அன்னைக்கே நிறுத்திடலாம். உன்னைத் திரும்ப வெளியே எடுக்க முடியுமா?”

“முடியாது. காத்திருக்கணும்” என்று குப்பி ஒப்புக்கொண்டது.

அதற்குள் வடிவு உள்ளே வந்து கையை நீட்டினாள். “நல்லா யோசிச்சுட்டேன் சிஸ்டர். ஊசியே போடுங்க.”

போட்டாயிற்று. காலிக் குப்பி கூடைக்குப் போனது. சிஸ்டர் அட்டையையும் அதில் போட எடுத்தார்.

“அதைக் குடுங்க சிஸ்டர், டப்பாவுலயே வச்சிடறேன். அத்தை தேடுறப்போ ஏதாவது கிடைச்சாத்தானே ஊசி மேல சந்தேகம் வராது?”

பைக்குள் அட்டை நிமிர்ந்து படுத்தது. டப்பா திறந்ததும் உளுந்துக்கு மேலே தானே முதலில் தெரிய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டது.