பூசணி எழுத்து

"இந்த எழுத்துல எழுதினா, படிக்கிறவங்களுக்குப் பயம் வருமா சார்?"

கோட்டுப் போட்டு வந்திருந்தவர் இப்படிக் கேட்டதும் வடிவமைப்பாளர் மாதிரித் தாள்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார். போச்சு, இவரும் எழுந்து போய்விடுவார்.

ஒன்றரை வருஷம் ராப்பகலாக உட்கார்ந்து அவர் உருவாக்கிய எழுத்துரு அது. பெயர் 'பூசணி'. ஒவ்வோர் எழுத்துக்கும் தொந்தி. 'ஐ' நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். 'ஃ' என்றால் மூன்று பலூன். இதுவரை ஒரு பிஸ்கட் கம்பெனிகூட அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை. இன்றைக்கும் போணியாகாவிட்டால் நாளை முதல் மைத்துனரின் டயர் கடையில் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்தாகிவிட்டது. வீடு என்றால் மனைவி.

"பயமா? சிரிப்புதான் வரும்," என்றபடி அவளே உள்ளேயிருந்து வந்தாள். "போன மாசம் ஒரு பெரிய கடையில மாதிரிக்குன்னு வாங்கிட்டுப் போயி, 'தீ அபாயம், உள்ளே வராதீர்கள்'னு இதுல எழுதி வச்சாங்க. குடும்பம் குடும்பமா கீழ நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. மறுநாளே கழட்டித் திருப்பி அனுப்பிட்டாங்க."

வடிவமைப்பாளர் பல்லைக் கடித்தார். கட்டிய மனைவியே இப்படி விளம்பரம் செய்தால் தனியாக ஒரு எதிரி எதற்கு?

கோட்டுக்காரரோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "பெரியவங்களுமா எடுத்துக்கிட்டாங்க?"

"ஒரு தாத்தா ரெண்டு தடவ எடுத்துக்கிட்டார்."

"அடடா!" அதைக் குறித்துக்கொண்டார். "எங்க பிரச்சினையே அதான் சார். வியாதிப் பேரைப் பெருசா, கறுப்பா போட்டா ஜனங்க மிரண்டுடறாங்க. அப்புறம் எங்க பக்கமே வர்றதில்ல. அதப் படிக்கும்போது அவங்க மனசு லேசாகணும்."

வடிவமைப்பாளருக்குச் சட்டென்று விளங்கியது. மருத்துவமனை! ஊசியைப் பார்த்து அழும் குழந்தைகள், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் முதியவர்கள், எல்லோருக்கும் பூசணி ஆறுதல் சொல்லப் போகிறது. டயர் கடைக்காரருக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது?

"'நோய்'ல வர்ற 'நோ'வோட கொம்பை மட்டும் இன்னும் கொஞ்சம் மிட்டாய் மாதிரி வளைச்சுத் தர முடியுமா?"

"நாலு பேருக்கு ஆறுதல்னா எதையும் வளைச்சுத் தரேன் சார்!"

ஒப்பந்தம் மேஜைக்கு வந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே பேனா எடுத்துக் கொடுத்தாள். கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணனுக்குக் கையோடு போனும் போட்டாள். இத்தனை நல்ல மனிதர் நீட்டும் காகிதத்தைப் படித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று வடிவமைப்பாளர் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திட்டார்.

அதற்குப் பிறகுதான் கோட்டுக்காரர், முதலில் அச்சாக வேண்டிய வாசகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்: 'புகைபிடித்தால் புற்றுநோய் வரும். உயிர் போகும்.'

"எங்க சிகரெட் பெட்டியில பாதி இடத்துக்கு இதைப் போட்டே ஆகணும்னு சட்டம் கொண்டுவந்துட்டாங்க சார்," என்று வாய்நிறையச் சிரித்தார். "நல்லவேளை, எந்த எழுத்துல போடணும்னு அதுல சொல்லவே இல்ல!"