புகையில்லாத ஊர்

டச்சுக்காரர்களின் பத்தாவியா மாளிகையில் உயரமான சன்னல் வழியே வரும் காலை வெயிலில் ஆளுநரின் பதக்கங்கள் கண்ணைக் கூசவைக்கின்றன. ஓவியர் சுரதீபா ஆளுநரின் உருவப்படத்தில் அவற்றைத் தீட்டி முடித்துவிட்டு, பின்னணியில் தன் சொந்த ஊர் எரிவதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஆளுநர் எழுந்து வந்து உற்றுப் பார்க்கிறார். “இதென்னய்யா புகை?” “எங்க ஊருங்க, தொரை. நீங்க படையோட வந்த அன்னைக்கு.” ஆளுநர் சிரிக்கிறார். “சாப்பாட்டு அறையில மாட்டப்போற படம்யா. புகையை எடுத்துடு.” சுரதீபா வெள்ளையைக் குழைத்துப் புகையை மேகமாக்குகிறார். “இப்ப அழகா இருக்கு. ஆனா ஒரு ஆளைக்கூடக் காணோமே?” “யாரும் மிஞ்சலீங்க, தொரை.” “அதுக்கென்ன, ரெண்டு பேரை வரைஞ்சிடு. சிரிச்ச முகமா இருக்கட்டும்.” சுரதீபா அம்மாவையும் தம்பியையும் வரப்பில் நிறுத்துகிறார். அம்மா சிரித்துவிடுகிறாள், தம்பிதான் மாட்டேன் என்கிறான்.