சோல்காரர் கொண்டுவந்த லோடு

"இன்னுமா அந்த ஆளுகிட்ட சரக்கு எடுக்கறே? உனக்கே அசிங்கமா இல்லையாக்கா?"

தம்பி இப்படிக் கேட்பது இது முதல் தடவை இல்லை. கேட்கமாட்டானா பின்னே? 'அந்த ஆள்' என்று அவன் சொல்வது அக்காவின் முன்னாள் புருஷனை!

அக்கா நடத்துவது பள்ளிக்கூட ஷூ தயாரிக்கும் ஃபேக்டரி. மேல்பாகத்தை இங்கே தைப்பார்கள். அடியில் ஒட்டுகிற சோல் வெளியிலிருந்து வரும். முக்கால்வாசி, ஒரு பெரிய கம்பெனியிலிருந்து. மீதி, அந்த ஆளின் சின்னப் பட்டறையிலிருந்து. விலையும் கொஞ்சம் கூடுதல். ஃபேக்டரியில் அவருக்குப் பெயர் 'சோல்காரர்'. அவர் தலை தெரிந்தால் போதும், தையல் மெஷின்கள் நின்று கிசுகிசு ஓட ஆரம்பித்துவிடும்.

"புருஷனா அவர் வேஸ்ட். சோல் போடறதுல கில்லாடி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே," என்பாள் அக்கா. "பெரிய கம்பெனி ஒரு நாள் கையை விரிச்சா என்ன பண்ணுவே? வெறும் மேல்பாகத்தை மாட்டியா பசங்க ஸ்கூலுக்குப் போகும்? சட்டுனு திரும்பறதுக்கு இன்னொரு இடம் இருக்கணும்டா."

"அவ்வளவு பெரிய கம்பெனி எதுக்குக்கா கையை விரிக்கப் போகுது?"

அவனுக்குப் பொறுக்கவே இல்லை. சரக்கு வாங்குவதெல்லாம் அவன் பொறுப்புதான். போன மாதம், அக்காவுக்குத் தெரியாமல் பட்டறைக்கு ஓர் ஆளை அனுப்பிவிட்டான்.

"இனிமே உங்க சோல் வேண்டாம்னு மேடம் சொல்லச் சொன்னாங்க."

ஆர்டர் மொத்தமும் பெரிய கம்பெனிக்கே போனது. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்றைக்கு ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டான்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வந்தது. பெரிய கம்பெனியில் தீ! நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மெஷின்கள்தான் கரிக்கட்டை.

ஷூ ஆர்டர் கொடுத்திருந்த பள்ளிகளின் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஷூ வரணும். வரலேன்னா வேற இடம் பாத்துக்கறோம். அடுத்த வருஷமும் உங்ககிட்ட வரமாட்டோம்."

அந்த ஆர்டர் போனால் தையல் பெண்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அக்கா அசரவில்லை. "பதறாதே. நம்ம சோல்காரர் இருக்காரில்ல?" என்று போனை எடுத்தாள்.

தம்பி மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். போச்சு, மாட்டினோம்!

"ஆமாங்க... எவ்வளவு இருக்கோ அவ்வளவும். இன்னிக்கே." அக்கா போனை வைத்தாள். "வர்றாராம்."

வர்றாராமா? வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிறகு எதைக் கொண்டு வருவார், சண்டையையா?

மதியத்துக்குள் வாசலில் டெம்போ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சோல்காரரே. தார்ப்பாயை விலக்கினால், மூட்டை மூட்டையாக சோல்!

"இது முதல் லோடு மேடம். பட்டறையில எல்லா மெஷினும் ஓடிட்டிருக்கு. மிச்சம் நாளைக்கு வந்துடும்."

மேடமாம்! ஒரு காலத்தில் 'ஏய்' என்று கூப்பிட்ட அதே வாய்தான்.

அக்கா மூட்டைகளை நம்ப முடியாமல் பார்த்தாள். "மாசாமாசம் எடுக்கறதே கால்வாசிதான். இவ்வளவு எப்படிங்க கையில வெச்சிருந்தீங்க?"

சோல்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"உங்க தம்பிதான் மேடம். சீசன் வருது, கூடுதலா போட்டு வைங்கன்னு போன மாசமே ஆள் அனுப்பிட்டார்."

அக்கா திரும்பினாள். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. ஃபேக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "பாத்தீங்களாடி என் தம்பியை! நான் சொல்லாமலே செஞ்சிருக்கான்!"

பெண்கள் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி வண்டியும் கிளம்பியது. பெரிய கம்பெனியை மட்டுமே நம்பியிருந்த மற்ற ஷூக்காரர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, அவர்கள் கைவிட்ட பள்ளிகளும் இங்கேயே ஆர்டர் கொடுத்தன. பாராட்டி யார் போன் செய்தாலும், "என் தம்பிகிட்டயே பேசுங்க" என்று அவனிடம் நீட்டினாள் அக்கா. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் சோல்காரர் காலி மூட்டைகளை எடுக்க வந்தார். தம்பி அவரை கேட்டருகே மடக்கினான்.

"மாமா..." அந்த வார்த்தை அவனையும் அறியாமல் வந்துவிட்டது. "வேண்டாம்னு சொன்னப்புறமும் ஏன் சோல் போட்டீங்க?"

அவர் சிரித்தார். "உங்க அக்கா என்னையே வேண்டாம்னு முடிவு பண்ணினப்ப, ஆளையா விட்டுச் சொன்னா? எதிர்ல உக்காந்து, கண்ணைப் பாத்துச் சொன்னா. சோல் வேண்டாம்னு சொல்ல மட்டும் ஆள் அனுப்புவாளா மச்சான்? அவளே சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு போட்டுக்கிட்டே இருந்தேன். எடுக்க ஆள் வரல, குவிஞ்சு போச்சு."

தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "இப்பவே போய் அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடறேன் மாமா. அந்தப் பாராட்டு உங்களுக்குச் சேர வேண்டியது."

அவர் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இரு. உன்னைப் பத்திப் பேசறப்ப அவ முகத்துல ஒரு பெருமை வந்துச்சே, பாத்தியா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு நாள்கூட என்னால அதை வரவழைக்க முடியல மச்சான். இப்பத்தான் முடிஞ்சிருக்கு, கெடுத்துடாதே."