மாஸ்டரின் கால்

"உங்க கால் ரெடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மனைவி கியரைத் தொட்டாள்.

மாஸ்டர் பக்கத்து இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கைச் செருப்பால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "ரெடி" என்றார்.

காலையிலிருந்து ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இதே கேள்வி, இதே பதில்.

அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. இருபத்தாறு வருஷம் அதில் ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். உட்கார்ந்தது மட்டும் எப்போதும் இந்தப் பக்கத்து இருக்கையில்தான். இப்போதெல்லாம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றுகிறது. போன மாதம் ஸ்கூலை மூடிவிட்டார்கள். வண்டி அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆகவே, கடலோர ஊர்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய குடும்பத்தில் ஓட்டுவது மனைவி. காப்பாற்றுவது மாஸ்டர்.

காப்பாற்றிக்கொண்டேதான் வந்தார். முதல் மீனவர் குடியிருப்பில் ஓர் ஆட்டுக்குப் பிரேக் போட்டார். ஆடு கட்டிப்போட்டிருந்தது. அடுத்த ஊரில், காயப்போட்ட வலைக்கு. அதற்கடுத்த ஊரில் ஒரு பெரியவருக்கு. அவர் பாட்டுக்கு ரோட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டைப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரத்தின் நிழல் குறுக்கே விழுந்து கிடந்தது. அதற்கும் ஒரு மிதி.

முட்டி மேலே எழும்பும். கால் தொம்மென்று இறங்கும். வண்டி நிற்கும்.

பின் சீட்டில் மகளும், மனைவியின் தம்பியான மச்சானும் முன்னால் போய் மோதிக்கொள்வார்கள். மச்சான் எடுத்த ஓட்டைப்பாறைப் படத்தில் ஓட்டையும் இல்லை, பாறையும் இல்லை. மகளின் காது மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

"அப்பா, கடல் பாருங்க!" என்று மகள் நாலைந்து முறை கத்திப் பார்த்தாள். மாஸ்டர் திரும்பவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தால் நாலு உயிருக்கு யார் பதில் சொல்வது? இறங்கி நின்ற இடங்களிலும் அவர் டயர்களைத்தான் சுற்றிப் பார்த்தார்.

யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

போன வாரம் சந்தைத் தெருவில் ஒரு காகத்துக்காக அவர் பிரேக் போட, பின்னால் வந்த பஸ் நூலிழையில் நின்றது. அன்றைக்கு வீடே அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டது. இன்று ஒரு முணுமுணுப்பு இல்லை. தன் அருமை ஒருவழியாகத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். ஸ்கூலை மூடியதிலிருந்து தன்னால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லையோ என்று அவர் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. மிச்சம் இருந்தது இந்தக் கால் ஒன்றுதான்.

பிரேக் மட்டும் கொஞ்சம் இளகினாற்போல் இருந்தது. கிளம்பும்போதே மச்சானிடம் கேட்டார். மச்சான் மெக்கானிக். வானத்தைப் பார்த்துக்கொண்டு, "புது ஸ்பிரிங் போட்டிருக்கேன் மாமா" என்றான்.

கலங்கரை விளக்கத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மாஸ்டர் ஏறவில்லை. படிக்கட்டுக்குப் பிரேக் கிடையாது.

சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்த வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கை நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து, தலையை உள்ளே விட்டுத் துழாவி எடுத்து, அங்கேயே மாட்டிக்கொண்டார்.

இந்தப் பிரேக்கை ஓட்டுகிறவர் பக்கத்துப் பிரேக்கோடு இணைக்கும் இரும்புக் கம்பியைக் காணவில்லை.

அது இருந்த இடத்தில் ஒரு ஸ்பிரிங் இருந்தது. மச்சான் பொய் சொல்லவில்லை. புத்தம் புதிது. மிதித்தால் கீழே போகும், விட்டால் மேலே வரும். அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

மாஸ்டருக்கு முதலில் மச்சான் மேல் கோபம் வந்தது. பிறகு கட்டிப்போட்ட ஆடு, வலை, தூங்கிய பெரியவர், தென்னை நிழல் என்று ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அத்தனை இடத்திலும் வண்டி நின்றிருந்தது.

யார் நிறுத்தியது?

வெட்கத்தில் காது சுட்டது. மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படி ஏறி இறங்கியவர்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். மனைவி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"உங்க கால் ரெடியா?"

அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். கேலி மருந்துக்கும் இல்லை.

"ரெடி" என்றார்.

ஊர் தாண்டியதும் ரோடு நேராகப் போனது. முன்னால் ஈ காக்கா இல்லை. மாஸ்டர் முட்டியை லேசாக எழுப்பி, பட்டும் படாமல் மிதித்தார். மனைவியின் ஓரக்கண் அவர் முட்டியைத் தொட்டுத் திரும்பியது. வண்டி மெதுவானது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நின்றேவிட்டது.

மனைவி எதிரே இருந்த வெறும் ரோட்டைப் பார்த்து, "நல்லவேளை, பிரேக் போட்டீங்க" என்றாள்.

பின் சீட்டில் மச்சான் இருமினான்.

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். காலைத் தூக்கி இருக்கையில் மடக்கி வைத்துக்கொண்டார். வண்டி மறுபடி நகர்ந்ததும், இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாகப் பக்கத்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கடல் எப்ப வந்துச்சு?"