மங்கிய மச்சம்

"அரிக்குதுங்க. டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?" பின்னங்கழுத்தைத் தடவியபடி கேட்டாள் மனைவி.

"திரும்பு, பார்த்துடலாம்." போட்டோ பைத்தியமான கணவன் தன் விலை உயர்ந்த போனை நீட்டிக் கிளிக்கினான். வாராவாரம் எடுப்பதுதான். "பாரு, மச்சம் மங்கிட்டே வருது. கண்ணுக்குத் தப்பினாலும் இந்த கேமராவுக்குத் தப்பாது. சும்மா பயந்து சாகாதே!"

அவளுக்கு மனசு ஆறவில்லை. மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

கழுத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இவ்வளவு பெரிசாகிற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பெரிசாவா? படம் இருக்கு மேடம்!" பதறிப்போய் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான்.

அவர் யோசித்தார். "என்னை ஒரு படம் எடுங்க."

குழப்பத்தோடு எடுத்தான். டாக்டரம்மா போனை வாங்கித் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "என் கன்னத்துல இருக்கிற அம்மைத் தழும்பெல்லாம் இதுல எங்கே?"

படத்தில் கன்னம் வழவழவென்று இருந்தது.

"தோலை அழகாக்கிக் காட்டுற வேலையை உங்க போன் தானாவே செஞ்சிருக்கு. இன்னிக்கே சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

மனைவி திரும்பாமலே கேட்டாள்.

"ஒரு தடவையாவது என் கழுத்தைப் பார்த்தீங்களா?"